அன்று புரையை எடுக்கவில்லை, தள்ளினார்கள்

"இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால், இன்று மருத்துவமனையில் செய்வதும் அதே சிகிச்சைதானா?" என்பது கேள்வி.

செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் இன்று செய்வது அது இல்லை. அன்று புரையைக் கண்ணை விட்டு வெளியே எடுக்கவில்லை. பார்வையை மறைக்காத இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எதைத் தள்ளுகிறோம் என்பது தள்ளியவர்களுக்கே தெரியாது. அவர்கள் நினைத்தது ஒன்று, ஊசி முனையில் நடந்தது வேறொன்று. அப்படியிருந்தும் பலருக்குப் பார்வை வந்தது. கண் மருத்துவ வரலாற்றில் எனக்கு மிக வியப்பான பகுதி இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்ணின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது கருவிழி. அதற்குப் பின்னால் நிறமுள்ள திரை, அதன் நடுவே கறுப்பாகத் தெரியும் துளைதான் பாவை. பாவைக்கு நேர் பின்னால், மெல்லிய உறைக்குள், சுற்றிலும் நுண்ணிய நார்கள் பிடித்திருக்க, ஒரு லென்ஸ் இருக்கிறது. ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். அதற்கும் பின்னால் கூழ் போன்ற பொருள் நிறைந்த பெரிய அறை; அதன் பின்சுவரில் விழித்திரை. இந்த லென்ஸ் தெளிவிழந்து வெளுத்துப் போவதுதான் கண்புரை. புதிதாக ஏதோ ஒன்று கண்ணுக்குள் வளர்வதில்லை, இருக்கும் லென்ஸே மங்குகிறது. இந்த ஒரு செய்தியை உறுதிப்படுத்த மனிதர்களுக்கு 18-ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

பழைய சிகிச்சை இப்படித்தான் நடந்தது: கண்ணின் வெள்ளைப் பகுதியில், கருவிழியின் ஓரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊசியைச் செலுத்துவார்கள். ஊசி முனை பாவைக்குப் பின்னால் வந்ததும், அங்கே வெள்ளையாகத் தெரிவதைக் கீழ்நோக்கி அழுத்துவார்கள். பிடித்திருந்த நார்கள் அறுந்து, லென்ஸ் முழுசாகப் பின் அறைக்குள் விழுந்துவிடும். பாவை கறுப்பாகத் தெளியும். நோயாளியின் முன்னால் விரலைக் காட்டினால் அந்த நிமிடமே எண்ணிச் சொல்வார். அதுவரை இருட்டில் இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை விரிவாக எழுதிவைத்த மிகப் பழைய நூல்களில் ஒன்று, சுசுருதர் பெயரில் வழங்கும் வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை. அதன் உத்தர தந்திரப் பகுதி 76 கண் நோய்களை வகைப்படுத்துகிறது. அறுவையைப் பற்றிச் சொல்லும் இடத்தைப் படித்தால், எழுதியவர் இதைப் பலமுறை கையால் செய்தவர், அல்லது செய்தவர் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் சந்தேகமே வராது. நோயாளி தன் மூக்கையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். முனை வாற்கோதுமை மணி போல அமைந்த சலாகை என்ற ஊசியால், இரத்தக் குழாய்களை விலக்கிக் குத்த வேண்டும். வலக்கண்ணை இடக்கையாலும் இடக்கண்ணை வலக்கையாலும் செய்ய வேண்டும். சரியான இடத்தில் குத்தினால் ஒரு சத்தமும் ஒரு துளி நீரும் வரும். பிறகு தாய்ப்பால் விட வேண்டும், நெய் தடவிக் கட்ட வேண்டும், நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம், துப்புவது எல்லாம் கூடாது. காரணம் தெளிவானது: உள்ளே அழுத்தம் ஏறினால் தள்ளியது மறுபடி மேலே வந்துவிடும்.

சுசுருதர் இன்றைய முறையிலேயே புரையை வெளியே எடுத்தார் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அந்தப் பகுதியின் விளக்கம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலோர் அது தள்ளும் முறை என்றே கொள்கிறார்கள். அந்த நூலில் நோயின் காரணம் கபம். ஊசியால் குத்தியபின் ஒரு நாசியை அடைத்துக்கொண்டு மறு நாசியால் மூக்கைச் சிந்தினால் அந்தக் கபம் வெளியேறும் என்கிறது. லென்ஸ் என்ற உறுப்பே மங்குகிறது என்ற எண்ணம் அங்கே இல்லை. அதனால் அவர் சிறுமைப்படுவதில்லை. மயக்க மருந்தும் உருப்பெருக்கியும் இல்லாத காலத்தில், இவ்வளவு துல்லியமாகக் கவனித்து எழுதிவைத்ததே போதுமான பெருமை. நடக்காததையும் சேர்த்துச் சொன்னால் நடந்ததையும் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

இதே எச்சரிக்கை பாபிலோன் பக்கமும் தேவை. அந்நாட்டு அரசர் ஹம்முராபியின் சட்டத்தில், கிறிஸ்துவுக்கு முன் 18-ஆம் நூற்றாண்டில், வெண்கலக் கத்தியால் கீறி ஒருவரின் கண்ணைக் காப்பாற்றிய மருத்துவருக்கு 10 ஷெக்கல் வெள்ளி கூலி, கண்ணைக் கெடுத்தால் கை வெட்டப்படும் என்று இருக்கிறது. இதையும் கண்புரை அறுவை என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணருகே வந்த கட்டியைக் கீறுவதாகவும் இருக்கலாம். அந்த வரிகளை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

ரோமானியரான செல்சஸ், கி.பி. முதல் நூற்றாண்டில், லத்தீனில் இதே சிகிச்சையை விவரிக்கிறார். வெளிச்சத்தைப் பார்த்து நோயாளியை உட்காரவைத்து, மருத்துவர் அவருக்கு எதிரே சற்று உயரமான ஆசனத்தில் உட்கார வேண்டும். உதவியாளர் பின்னால் நின்று தலையைப் பிடித்துக்கொள்வார். நல்ல கண்ணைக் கம்பளியால் கட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் அது அசையும்போது இதுவும் அசையும். தள்ளியது மீண்டும் மேலே வந்தால் ஊசியாலேயே துண்டு துண்டாக்க வேண்டும். அவர் தரும் இன்னொரு அறிவுரையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: புரை இறுகும் வரை காத்திருக்க வேண்டும்.

இனி, அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு செய்தார்கள் என்ற கதை. 2-ஆம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் காலென், பார்வை நிகழும் இடமே லென்ஸ்தான் என்றார். அது கண்ணின் நடுவில் இருக்கிறது, அதற்கும் பாவைக்கும் இடையே காலியிடம் இருக்கிறது, மேலிருந்து ஒரு கெட்ட நீர் அந்த இடத்தில் இறங்கி உறைந்துபோவதுதான் புரை என்பது அந்த மரபில் வந்த விளக்கம். ஆகவே ஊசி வைத்தவர்கள் எல்லோரும், லென்ஸுக்கு முன்னால் தொங்கும் ஒரு திரையை ஒதுக்குவதாகவே நம்பினார்கள். உண்மையில் அவர்கள் விழச்செய்தது லென்ஸையே! பார்வையின் உறுப்பு என்று எதை நம்பினார்களோ அதையே பிடுங்கித் தள்ளினார்கள், அதற்குப் பிறகும் நோயாளி பார்த்தார். கொள்கை தவறு என்பதற்கான சான்று ஒவ்வொரு அறுவையிலும் அவர்கள் கண்முன்னே இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் யாரும் அதைச் சான்றாகப் பார்க்கவில்லை. உயிரோடிருப்பவரின் கண்ணைத் திறந்து பார்க்க வழியில்லை. இறந்தவரின் உடலை அறுப்பது அரிது. புத்தகமோ பெரியவர் எழுதியது.

அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் இந்த எல்லைக்குள் நின்றே மிகப்பெரிய வேலை செய்தார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் எழுதிய நூலில் கண்ணின் அமைப்பைக் காட்டும் படங்கள் இருக்கின்றன. கி.பி. 1000 வாக்கில் அம்மார் அல் மவ்ஸிலி உள்ளே துளையுள்ள ஊசியைச் செய்து, புரையைத் தள்ளுவதற்குப் பதில் உறிஞ்சி எடுத்தார். மென்மையான புரைக்கு இது பலித்திருக்கும். இன்றைய முறைக்கு மனத்தளவில் மிக நெருங்கியவர் இவர்தான் என்பது என் எண்ணம். அதே காலத்தில் இப்னு அல் ஹைதம், பார்வை என்பது கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் வருவதில்லை, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால் வருகிறது என்று விளக்கினார். ஆனால் அவருக்கும் பார்வையின் இருப்பிடம் லென்ஸ்தான்.

அந்தப் பிடியைத் தளர்த்தியவர்கள் ஐரோப்பாவில் இருவர். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃபீலிக்ஸ் பிளாட்டர் 1583-இல் விழித்திரையே பார்வையின் உறுப்பு என்றார். 1604-இல் கெப்ளர், கோள்களைக் கணக்கிட்ட அதே கெப்ளர், ஒளி எப்படி லென்ஸில் வளைந்து விழித்திரையில் தலைகீழ் பிம்பமாக விழுகிறது என்பதைக் கணித முறையில் காட்டினார். லென்ஸ் பார்க்கவில்லை, ஒளியை வளைக்க மட்டும் செய்கிறது என்றான பிறகுதான், லென்ஸ் மங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கே இடம் வந்தது. அதற்கு மேலும் நூறாண்டு கழித்து, 1705-இல், மிஷேல் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்துபோன ஒரு போர்வீரரின் புரை விழுந்த கண்ணில் ஊசி வைத்துத் தள்ளி, பிறகு கண்ணை அறுத்துப் பார்த்தார். கீழே கிடந்தது மங்கிய லென்ஸ். திரை எதுவும் இல்லை. பாரிஸ் அறிஞர்கள் முதலில் ஏற்க மறுத்தார்கள். சில ஆண்டுகளில் வேறு சான்றுகளும் சேர, ஏற்றார்கள்.

இது தெரிந்ததும் அடுத்த அடி தானாகவே புலப்படுகிறது. மங்கியது ஒரு முழுப் பொருள் என்றால் அதை வெளியே எடுக்கலாமே! 1747-இல் ழாக் தவியேல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் செய்தார். ஊசியால் தள்ள முயன்று முடியாமல் போன ஒரு கண்ணில், கருவிழியின் கீழ்ப்பாதியை ஓரமாக வெட்டித் தூக்கி, லென்ஸின் உறையைக் கீறி, மெல்ல அழுத்தி உள்ளிருந்ததை வெளியே கொண்டுவந்தார். 1752-இல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்தில் முறையாக அறிவித்தார். தையல் கிடையாது, உணர்வை மரக்கச் செய்யும் மருந்து கிடையாது. விழித்திருக்கும் மனிதரின் கருவிழியைக் கத்தரிக்கோலால் வெட்டினார் என்பதை நினைத்தால் இரண்டு பேரின் துணிவும் திகைக்கவைக்கிறது. இன்றைய சிகிச்சையின் நேர் முன்னோடி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தவியேல் வெட்டி எடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராக வண்டியில் போய், பெரும் விளம்பரத்தோடு ஊசி வைத்துக்கொண்டிருந்தார். கட்டை அவிழ்க்கும் நாளில் அவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். 1750-இல் லைப்சிக் நகரில் இசைமேதை பாக் அவரிடம் இரண்டு முறை ஊசி வைத்துக்கொண்டார். பார்வை வரவில்லை, சில மாதங்களில், ஜூலை 28 அன்று இறந்துபோனார். ஊசி முறையின் உண்மையான விலை இதுதான். தள்ளிவிட்ட லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. உறை கிழிந்திருந்தால் அழற்சி, கண் அழுத்தம் ஏறினால் நரம்புக்குச் சேதம், கழுவாத ஊசியானால் சீழ். முதல் நாள் விரலை எண்ணியவர் சில மாதங்களில் முழுக் குருடாகலாம். முதல் நாளைப் பார்த்தவர்கள் நிறைய பேர், ஆறாம் மாதத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் அந்த முறை அவ்வளவு காலம் நல்ல பெயரோடு வாழ்ந்தது. நம் நாட்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஊசி வைப்பவர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், அப்படிக் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1917-இல் தனி நூலே எழுதினார். 1819-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. கண் அழுத்த நோய்க்கு, வெள்ளை விழியின் ஓரத்தில் சிறு துளையிட்டு நீரை வடியவிடும் எலியட்டின் முறையும் 1909-இல் இங்கிருந்துதான் உலகுக்குப் போனது.

19-ஆம் நூற்றாண்டில் மூன்று விஷயங்கள் கண் மருத்துவத்தைத் தனித் துறையாக்கின. 1851-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள கண்ணின் விழித்திரையைப் பார்க்கும் சிறு கருவியை அறிவித்தார். அதுவரை பாவைக்குப் பின்னால் வெறும் கறுப்பு. அதன்பிறகு நரம்பும் குழாய்களும் மருத்துவரின் கண்முன். அதைக் கையில் எடுத்த பெர்லின் மருத்துவர் ஃபான் கிரேஃபே, 1857-இல் ஒருவகைக் கண் அழுத்த நோயை அறுவையால் தணிக்கலாம் என்று காட்டினார். அதற்கு முன் அந்த நோய் வந்தால் பார்வை போய்விட்டது என்றுதான் பொருள். இவர் 42 வயதில் இறந்துவிட்டார். மூன்றாவது, வலி. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும் விட்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சியே இல்லை. ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போகக் கையில் பணமில்லை. அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். பயன் மருத்துவ உலகெங்கும் விரைவாகப் பரவியது. நோயாளி அசையாமல் இருப்பார் என்ற உறுதி வந்த பிறகுதான் கண் அறுவை நிதானமாகச் செய்யக்கூடிய வேலையானது.

இதற்கிடையே கருவிழி மாற்றமும் வந்துவிட்டது. 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸில், எடுவார்ட் ஸிர்ம், சுண்ணாம்பால் வெந்துபோன ஒரு தொழிலாளியின் இரு கண்களிலும் வேறொருவரின் கருவிழியைப் பொருத்தினார். ஒரு கண்ணில் அது நிலைத்தது. 1930-களில் ஒடெஸ்ஸாவில் ஃபிலடோவ் என்ற கண் மருத்துவர், இறந்தவர்களின் கருவிழியையே பயன்படுத்தலாம் என்று நிறுவினார். கண் தானம் என்பதற்கு அடிப்படை அதுதான். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னையில், மருத்துவர் முத்தையாவின் முயற்சியால் வந்தது. விழித்திரை விலகலுக்கு, அதில் விழுந்த கிழிசலை அடைத்தால்தான் தீர்வு என்று கண்டுபிடித்தவர் லோசான் நகரின் ழுல் கோனின். அவரையும் சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் நம்பவில்லை.

புரைக்கு மீண்டும் வருவோம். தவியேலுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் ஒரு குறை அப்படியே இருந்தது. லென்ஸை எடுத்தாயிற்று, அதன் வேலையை யார் செய்வது? தடித்த கண்ணாடி. வயதானவர்கள் பூதக்கண்ணாடி போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். அதில் எல்லாமே கால் பங்கு பெரிதாகத் தெரியும். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கால் தடுமாறும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் இரண்டு கண்ணின் பிம்பமும் ஒன்றுசேராது.

லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானிகளைப் பார்த்தவர். விமான அறையின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு அது சிதறும்போது துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விடும். அவை அசையாமல் இருந்த கண்களில் அழற்சி வரவில்லை என்பதைக் கவனித்தார். கண் சகித்துக்கொள்ளும் ஒரு பொருள் இருக்கிறது! புரை அறுவையைப் பார்த்த ஒரு மாணவர், எடுத்ததற்குப் பதிலாக ஏன் வேறு லென்ஸ் வைக்கவில்லை என்று கேட்டதும் ரிட்லியை உந்தியதாகச் சொல்வார்கள். 1949 நவம்பர் 29 அன்று, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், பெர்ஸ்பெக்ஸால் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவர் வேலை, இவர் வைக்கிறாரே என்று அன்றைய பெரியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தொடக்ககால லென்ஸ்கள் கனமானவை, சில நழுவின, சிக்கல்கள் வந்தன. எதிர்ப்பில் நியாயம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணம் சரி. அமெரிக்க அரசு 1981-இல்தான் உள்விழி லென்ஸுக்கு அனுமதி தந்தது. ரிட்லிக்கு 2000-இல், 93 வயதில், சர் பட்டம் கிடைத்தது. அதற்குள் அவருடைய கண்களிலும் அவர் கண்டுபிடித்த லென்ஸே இருந்தது.

இன்னொரு மாற்றம் வெட்டின் அளவு. 1967-இல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பல்லைச் சுத்தம் செய்யும் மீயொலிக் கருவியைப் பார்த்து, அதே அதிர்வால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சலாம் என்று கண்டார். இன்று 'பாகோ' என்று சொல்வது அதுதான். லென்ஸும் மடித்து வைக்கும் பொருளில் வந்த பிறகு, 10 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த வெட்டு 3 மில்லிமீட்டருக்குள் வந்தது, தையலே தேவைப்படவில்லை. ஆனால் விலை பெரிய தடையாக நின்றது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் தன் அரோலேப் நிறுவனத்தின் வழியே உள்விழி லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கியது. ரிட்லியின் எண்ணம் ஏழைகளின் கண்ணுக்குள் போனதற்கு இது முக்கியக் காரணம். இந்த வரலாற்றில் அதற்குத் தவியேலுக்கு இணையான இடம் கொடுக்க வேண்டும் என்பேன்.

கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியை லேசரால் செதுக்கும் சிகிச்சையிலும் சென்னைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன், 1981-இல் எக்சைமர் லேசரை விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பில் அடித்துப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் வெட்டு சுத்தமாக விழுந்தது. லாசிக் முறைக்கு வித்து அதுதான்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செல்சஸின் அறிவுரையை இப்போது எடுத்துக்கொள்வோம். "புரை முற்றட்டும், பிறகு செய்துகொள்ளலாம்" என்று இன்றும் வீடுகளில் பெரியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். ஊசியால் தள்ளிய காலத்தில் அது சரியான பேச்சு; மென்மையான புரை ஊசிக்கு அகப்படாமல் உடையும், உள்ளே கசியும். முழு லென்ஸாக எடுத்த காலத்திலும் ஓரளவு பொருந்தியது. கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சும் இன்றைய முறைக்கு நேர்மாறு: முற்றிக் கல்லான புரையை உடைக்க அதிக அதிர்வு வேண்டும், கருவிழியின் உள்படலத்துக்குச் சேதம் கூடும், சில சமயம் முற்றிய புரையே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். படிப்பதோ நடப்பதோ இரவில் வண்டி ஓட்டுவதோ சிரமமாகிவிட்டது என்றால், அதுதான் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம்.